ஓட்டுநர் உரிமமும் உடலின் சாட்சியமும்

ஓட்டுநர் உரிமம் என்பது இருவேறு தகுதிகளுக்கு ஒரே அட்டையில் சான்றளிக்கும் ஆவணமாகும். முதலாவது திறன்: கியர் மாற்றுதல், வளைவில் திருப்புதல், சாலைக் குறிகளை அறிந்து நடத்தல் ஆகியவை பயிற்சியால் வருபவை, நீச்சலைப் போலவே, ஒருமுறை கைவந்தால் எளிதில் விட்டுப்போகாதவை. இரண்டாவது உடல்தகுதி, அதாவது வண்டியை ஓட்டும் நேரம் முழுவதும் விழிப்பும் பார்வையும் கைகால்களின் கட்டுப்பாடும் தடையின்றி நீடிக்கும் நிலை. இது யாருக்கும் நிரந்தரமாக வாய்ப்பதில்லை; ஆண்டுகளில் தேயலாம், ஒரே இரவில் போகலாம், சிகிச்சையால் திரும்பவும் வரலாம். உலகெங்கும் உரிம முறைகள் முதல் தகுதியை மைதானத்திலும் சாலையிலும் வண்டியை ஓட்டிக்காட்டச் சொல்லிச் சோதிக்கின்றன. இரண்டாவதையோ பெரும்பாலும் விண்ணப்பதாரரின் கையெழுத்தை நம்பி ஏற்கின்றன. தகுதி இழந்த ஒருவரிடம் செல்லத்தக்க உரிமம் இருந்துகொண்டே இருப்பது இந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது. அதை வெறும் ஏமாற்று வேலையாக மட்டும் பார்ப்பவர்கள் மருத்துவம் சொல்லும் முக்கியமான ஓர் உண்மையைத் தவறவிடுகிறார்கள்: ஓட்டுவதற்கு இடையூறான நோய்களில் பல, தாம் இருப்பதை நோயாளியே அறியாதபடி செய்யும் இயல்புள்ளவை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. அந்த ஒரு நொடிக்குள் கண் ஒரு காட்சியைப் பிடிக்க வேண்டும், மூளை அதில் எது அசைகிறது, எது குறுக்கே வரும் என்று பிரித்தறிய வேண்டும், பாதம் பிரேக்குக்கு மாற வேண்டும். அன்றாடப் பழக்கத்தால் இவை தாமாக நடப்பதுபோலத் தோன்றினாலும், விழிப்புணர்வு முப்பது நொடிகள் அறுந்தால், அதே வேகத்தில் அரை கிலோமீட்டர் தொலைவை யாரும் ஓட்டாமலே வண்டி கடந்துவிடும்.

இப்படி விழிப்பை அறுக்கும் நோய்களில் மிகவும் ஆராயப்பட்டது கால்-கை வலிப்பு. மூளையின் நரம்புச்செல்கள் ஒன்றுக்கொன்று மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. அந்தத் துடிப்புகள் எல்லை மீறாதபடி காபா என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கடிவாளமாக இருந்து அடக்குகின்றன. ஏதோ ஒரு காரணத்தால், அது பழைய தலைக்காயமோ, தழும்போ, கட்டியோ, மரபணு மாற்றமோ எதுவாயினும், இந்த அடக்கம் தளரும்போது, ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே தாளத்தில் ஒருசேரத் துடிக்கத் தொடங்குகின்றன, இதுவே வலிப்பு. பொதுமக்கள் மனத்தில் வலிப்பு என்றதும் எழும் காட்சி, ஒருவர் தரையில் விழுந்து கைகால் வெட்டி இழுக்க, சுற்றி நிற்பவர்கள் அவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதுதான். சாவியால் ஒரு பயனும் இல்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாக அடங்கிவிடுவதால், சாவியால் அடங்கியது என்ற நம்பிக்கை தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. ஆனால் சாலையைப் பொறுத்தவரை இந்தக் காட்சியைவிட அதிகம் கவலைக்குரியது வேறொரு வகை. மூளையின் ஒரு பகுதியில், குறிப்பாகக் காதுக்கு மேலே பொட்டுக்கு உட்புறம் உள்ள மடலில், தொடங்கி அங்கிருந்து பரவும் குவிய வலிப்பில் நோயாளி விழுவதில்லை. கண்கள் திறந்திருக்கும், பார்வை வெறித்திருக்கும், உதடுகள் எதையோ மெல்வதுபோல அசையும், விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவும். கைகள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருக்கக்கூடும், கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே இருக்கக்கூடும். அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை நீடிக்கும் இந்த நிலையில் அவர் அங்கு இல்லை என்றே சொல்ல வேண்டும். தெளிந்தபின் அந்த நேரம் அவர் நினைவில் பதிவாகியிருப்பதும் இல்லை.

இந்த நினைவின்மையின் அளவை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு துல்லியமாகக் காட்டியது. மருத்துவமனையில் வீடியோ கேமராவும் மூளை மின்வரைவுக் கருவியும் இரவு பகலாகக் கண்காணித்த 91 நோயாளிகளிடம், வலிப்பு வரும்போதெல்லாம் குறித்துவைக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். கருவிகளில் பதிவான வலிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை நோயாளிகள் குறிப்பிடவே இல்லை. உறக்கத்தில் வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை விடுபட்டன, விழித்திருக்கையில் வந்தவற்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று விடுபட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வலிப்பைப் பதிவுசெய்ய வேண்டிய உறுப்பும் வலிப்புக்கு ஆளான உறுப்பும் ஒன்றே என்பதால், சாட்சி சொல்ல வேண்டியவர் சம்பவத்தின்போது இல்லாமல் போய்விடுகிறார். "கடைசியாக எப்போது வலிப்பு வந்தது?" என்று எந்த நாட்டு அதிகாரி கேட்டாலும், உடன் வாழ்பவரிடம் கேட்காமல் நோயாளியிடம் மட்டும் கேட்டுப் பெறும் விடையை முழுமையானதாகக் கொள்வதற்கில்லை.

அறியாமல் இழப்பது வலிப்புக்கு மட்டும் உரியதன்று. கண் நீர் அழுத்த நோய் எனப்படும் குளோக்கோமாவில் பார்வை நரம்பு மெல்ல நைந்து, காட்சிப் பரப்பில் ஓரங்களை ஒட்டிப் பகுதி பகுதியாகப் பார்வை மறைகிறது. பாடநூல்கள் பலவற்றில் இது கருப்புச் சுரங்கத்தின் வழியே பார்ப்பதுபோலப் படம் போட்டுக் காட்டப்படுவது வழக்கம். லண்டனில் 2013-இல் வெளியான ஆய்வொன்றில், 50 நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, தங்கள் பார்வையை ஒத்தது எது என்று கேட்டபோது, ஒருவர்கூடக் கருப்புச் சுரங்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிலர் மங்கலையும் சிலர் சில பொருள்கள் விடுபட்டிருப்பதையும் சுட்டினார்கள், கணிசமானோர் தமக்குக் குறை எதுவும் தெரியவில்லை என்றார்கள். காரணம், மூளை வெற்றிடத்தை வெற்றிடமாக விடுவதில்லை. சுற்றியுள்ள சாலையின் நிறத்தையும் வானத்தின் நிறத்தையும் கொண்டு அதை நிரப்பிவிடுகிறது. இடப்புறச் சந்திலிருந்து சைக்கிளில் வரும் சிறுவன் அந்த நிரப்பலுக்குள் காணாமல் போகிறான், அவன் இடத்தில் வெறும் சாலை தெரிகிறது.

மூளையின் மேல்நிலைப் பணிகள் சிதையும்போது இந்த அறியாமை இன்னும் ஆழமாகிறது. பாரிஸில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் பாபின்ஸ்கி, இடப்பக்கம் செயலிழந்தும் தமக்கு ஒன்றும் இல்லை என்று உறுதியாகச் சொன்ன பக்கவாத நோயாளிகளை 1914-இல் விவரித்து, அந்த நிலைக்கு அனோசாக்னோசியா என்று பெயரிட்டார். நோயை அறியும் திறனையே இழத்தல் என்பது அதன் பொருள். மறதி நோய் எனப்படும் டிமென்ஷியாவிலும் இதே குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது. தான் செய்த தவறை நினைவில் வைத்து, பழைய திறனோடு ஒப்பிட்டு, "முன்புபோல் இல்லை" என்று முடிவு செய்ய வேண்டிய மூளைப் பகுதிகளே பழுதுபடுவதால், பழக்கமான சாலையில் வழி தவறிய முதியவர் அன்று மாலையே தாம் நன்றாகத்தான் ஓட்டுவதாகச் சாதிக்கிறார். அவரிடமிருந்து சாவியை வாங்குவது பிள்ளைகளுக்குக் கொடுமையான கடமையாகிறது, அவர் மனமறிந்து பிடிவாதம் பிடிப்பதாக எண்ணிக் கோபிப்பது அவருக்கு அநீதியாகிறது.

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு உள்ள இடர் வேறு விதமானது. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, அதற்கு ரத்தத்தில் உள்ள குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. "சுகர் இறங்கிவிட்டது" என்று மக்கள் சொல்லும் நிலையில் வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகிய எச்சரிக்கைகள் முதலில் வர வேண்டும். நீண்ட காலம் நீரிழிவு உள்ளவர்களில் சிலருக்கு இந்த எச்சரிக்கை மணி மழுங்கிவிடுவதால், குழப்பமே முதல் அறிகுறியாக வருகிறது, குழம்பிய மூளை தான் குழம்பியிருப்பதை உணர்வதில்லை. பிரிட்டனில் இன்சுலின் எடுப்பவர்கள் வண்டியை எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள்ளும், நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும் என்ற விதி இருப்பது இதனால்தான். உறக்க மூச்சுத் தடையிலோ, தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழல் அடைபட, மூச்சு இரவெல்லாம் நின்று நின்று வருகிறது; ஒவ்வொரு முறையும் மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்பதால் உறக்கம் துண்டு துண்டாகி, பகலில் கண் திறந்திருக்கும்போதே சில நொடி உறக்கங்கள் வந்து போகின்றன. குறட்டை விட்டுத் தூங்குவதை அயர்ந்த நல்ல உறக்கத்தின் அடையாளமாகக் கொள்ளும் நம் வழக்கம், இந்த நோயைப் பல ஆண்டுகள் மறைத்துவைக்கிறது.

இவ்வளவும் சொன்னபின், இந்நோயாளிகள் அனைவரையும் சாலையிலிருந்து விலக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் அறிவியல் அந்த விடையை ஆதரிக்கவில்லை. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்குக் கால்-கை வலிப்பு உள்ளது என்றும், சரியான நோயறிதலும் சிகிச்சையும் கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மேலும், வலிப்பு வந்தபின் நாள்கள் செல்லச் செல்ல, மறுபடி வரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. முதன்முறையாக வலிப்பு வந்த ஒருவருக்கு, அடுத்து ஆறு மாதம் வலிப்பின்றிக் கழிந்துவிட்டால், அதற்குப் பிந்தைய ஓராண்டில் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறது என்பதை பிரிட்டிஷ் ஆய்வொன்று காட்டியது. அந்நாட்டு விதிகள் கார் ஓட்டுநருக்கு ஏற்கும் உச்சவரம்பும் ஆண்டுக்கு 20 விழுக்காடுதான். லாரி, பேருந்து ஓட்டுநருக்கு அது 2 விழுக்காடு. ஒரே நோய்க்கு இரு அளவுகோல்கள் இருப்பது பாரபட்சம் போலத் தோன்றினாலும், தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் நியாயம் விளங்கும். நாளுக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டுபவர் தம் வாழ்நேரத்தில் 24-இல் ஒரு பங்கை ஸ்டீயரிங்கின் முன் கழிக்கிறார். 20 விழுக்காட்டில் 24-இல் ஒரு பங்கு என்பது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டும் லாரி ஓட்டுநருக்கு, 2 விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய அதே அளவு. லாரியின் எடை விளைவிக்கும் சேதத்தையும் சேர்த்தால், அவருக்கு விதிக்கப்படும் கடுமை மிகையன்று. வலிப்பு நோயுள்ள கார் ஓட்டுநர் பொதுவாக ஓராண்டும், கனரக வாகன ஓட்டுநர் மருந்தே இல்லாமல் பத்தாண்டும் வலிப்பின்றி இருக்க வேண்டும் என்ற பிரிட்டனின் விதி இந்தச் சிந்தனையிலிருந்து பிறந்ததாகும். காத்திருப்புக் காலம் என்பது தண்டனையன்று, இடர் தணிவதற்குத் தரப்படும் அவகாசம் என்பதை நோயாளிகளுக்கு யாராவது உட்கார்ந்து விளக்கினால் பாதிப் பகை தீரும்.

அவகாசத்தை எவ்வளவு நீட்டலாம் என்பதிலும் சான்றுகள் பேசுகின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1994-இல் காத்திருப்புக் காலத்தை 12 மாதத்திலிருந்து 3 மாதமாகக் குறைத்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த விபத்துகளை ஒப்பிட்ட ஆய்வில், வலிப்பால் நேர்ந்த விபத்துகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

அவகாசம் ஒருபுறமிருக்க, வலிப்பை மறைத்து உரிமம் பெறும் மறைப்பு என்னும் நோய் எப்படி உருவாகிறது என்பதற்கு ஜப்பானின் அனுபவம் வேதனையான சான்றாகும். அந்நாட்டில் 2002 வரை வலிப்பு நோயாளிகளுக்கு உரிமம் முற்றாக மறுக்கப்பட்டிருந்தது. அதன்பின் இரண்டாண்டு வலிப்பின்றி இருந்தால் உரிமம் பெறலாம் என்று சட்டம் தளர்ந்தது. ஆயினும் தெரிவிப்பது விண்ணப்பதாரரின் நேர்மைக்கே விடப்பட்டது, மறைத்தால் தண்டனையும் இல்லை. 2011 ஏப்ரல் 18 அன்று தோச்சிகி மாகாணத்தின் கனுமா நகரில், பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த சிறுவர் கூட்டத்தின்மீது கிரேன் வாகனம் ஒன்று மோதி ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டியவருக்கு வலிப்பு நோய் இருந்தது. அதை மறைத்து உரிமம் பெற்றிருந்தார், முந்தைய இரவு மருந்தை எடுத்துக்கொள்ளவில்லை, இதற்கு முன்பும் விபத்துகளில் சிக்கியிருந்தார். அன்றைய சட்டத்தில் கவனக்குறைவான ஓட்டத்துக்கு உச்சமாக இருந்த ஏழாண்டுச் சிறையே அவருக்கு விதிக்க முடிந்தது. பின்னர் நடந்த உரிமையியல் வழக்கில், மகனின் நோயும் பழைய விபத்துகளும் தெரிந்திருந்தும் தடுக்காமல் இருந்த தாயும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கப்பட்டார். இறந்த குழந்தைகளின் பெற்றோர் தொடர்ந்து வற்புறுத்தியதன் விளைவாக 2013-இல் சட்டங்கள் திருத்தப்பட்டன: உரிம விண்ணப்பத்தில் நோய் பற்றிப் பொய் சொல்வது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று, ஆபத்தான நோயாளி ஓட்டுவதை அறிந்த மருத்துவர் அதைத் தெரிவிக்கச் சட்டம் அனுமதி அளித்தது. கட்டாயம் என்று ஆக்காமல் அனுமதி என்ற அளவில் நிறுத்தியது ஆழ்ந்த யோசனையின் விளைவு. மருத்துவர் காட்டிக்கொடுப்பார் என்று அஞ்சும் நோயாளி மருத்துவரிடமே மறைக்கத் தொடங்குவார். அப்போது சரியான மருந்தும் கிடைக்காது, வலிப்பும் அடங்காது, சாலை முன்னிலும் ஆபத்தாகும்.

இந்த அச்சம் வெறும் ஊகமில்லை என்பதை, ஈழத் தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் காட்டுகிறது. அங்கே ஓட்டத் தகுதியற்ற நோயாளியை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. 2006 முதல் அவ்வாறு எச்சரிப்பதற்கு மருத்துவருக்குச் சிறு கட்டணமும் தரப்பட்டது. எச்சரிக்கப்பட்ட 1,00,075 நோயாளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த ஆய்வின்படி, அவர்கள் ஓட்டிச் சென்று விபத்தில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வரும் விகிதம் ஆண்டுக்கு 1000 பேருக்கு 4.76 என்பதிலிருந்து 2.73 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ 43 விழுக்காடு வீழ்ச்சி. உயிர் காக்கும் நடவடிக்கை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். அதே ஆய்வு, அந்நோயாளிகள் மனச்சோர்வால் அவசரப் பிரிவுக்கு வருவது கூடியதையும், எச்சரித்த மருத்துவரிடம் மீண்டும் செல்வது குறைந்ததையும் மறைக்காமல் பதிவுசெய்தது. உரிமத்தை இழப்பது என்பது வேலையை, சந்தையை, கோயிலை, மகள் வீட்டை இழப்பதாக முடியும் ஊர்களில் இந்த விலை மிகப் பெரிது. பொதுப் போக்குவரத்து நன்றாக உள்ள இடங்களில்தான் மருத்துவரின் "ஓட்டாதீர்கள்" என்ற சொல்லுக்கு நோயாளி கீழ்ப்படிய முடியும்.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழான விதிகளும் உடல்தகுதிக்கு இரு படிவங்களை வைத்துள்ளன. படிவம் 1 என்பது விண்ணப்பதாரர் தாமே அளிக்கும் உறுதிமொழி. படிவம் 1-ஏ என்பது 40 வயதைக் கடந்தவர்களும் பயணிகள், சரக்கு வாகனங்களை ஓட்ட விரும்புபவர்களும் பதிவுபெற்ற மருத்துவரிடம் பெற வேண்டிய சான்றிதழ். படிவம் 1 முதலில் கேட்கும் கேள்வியே, வலிப்போ, எக்காரணத்தாலும் திடீர் உணர்விழப்போ தலைசுற்றலோ உண்டா என்பதுதான். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து வாகனப் பதிவெண்ணைப் படிக்க முடியுமா, மாலைக்கண் உண்டா, செவிப்புலன் எப்படி என்பன பின்தொடர்கின்றன. உரிமம் கொடுத்தபின் தகுதி போய்விட்டதாகக் கருத நியாயம் இருந்தால், மருத்துவச் சான்று கேட்கவும் உரிமத்தை நீக்கவும் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தகுதியற்ற உடல்நிலையை அறிந்தும் ஓட்டுவதற்கு 186-ஆம் பிரிவின் கீழ், 2019 திருத்தத்துக்குப் பின், முதல்முறை 1000 ரூபாயும் மறுமுறை 2000 ரூபாயும் வரை அபராதம் உண்டு. ஆனால் தகுதி போய்விட்டதாகக் கருதுவதற்கான அந்த நியாயம் அதிகாரியின் கண்ணில் படுவதற்கான வழி அநேகமாக இல்லை. மருத்துவ நெறிமுறை விதிகள், சமூகத்துக்குக் கடும் ஆபத்து உள்ளபோது நோயாளியின் ரகசியத்தை வெளியிட மருத்துவருக்கு இடம் தருகின்றன என்றாலும், தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. சான்றிதழுக்காகச் செய்யப்படும் பரிசோதனையும் வலிப்பைக் காட்டாது. இரு வலிப்புகளுக்கு இடைப்பட்ட நாளில் நோயாளி முழு நலத்துடன் இருப்பார், மூளை மின்வரைவை முதல்முறை எடுக்கும்போதுகூட ஏறத்தாழ பாதி நோயாளிகளுக்கு இயல்பாகவே வரும்.

எனவே எல்லாம் அந்த முதல் கேள்விக்கு எழுதப்படும் விடையில் வந்து நிற்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், வலிப்பு கட்டுப்பட்டவர்களுக்கு 1949-லேயே உரிமம் வழங்கத் தொடங்கியது. இந்திய விதிகளிலோ வலிப்பின்றிக் கழிந்த காலத்தைக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு இல்லை. ஆம் என்று எழுதினால் வாழ்நாள் முழுக்க உரிமம் இல்லை. ஆட்டோ ஓட்டியோ, உணவுப் பொட்டலம் கொண்டு சேர்த்தோ பிழைக்கும் இளைஞருக்கு ஆம் என்பது குடும்பத்தின் உலையை அணைக்கும் சொல். திருமணச் சட்டத்தில் தடையாகக் குறிக்கப்பட்டிருந்த வலிப்பு என்ற சொல் 1999-இல் நீக்கப்பட்டது, ஆனால் வரன் பார்க்கும் வீடுகளில் அது இன்னும் மறைக்கப்படுகிறது. அதே மறைப்புப் பழக்கமே உரிம அலுவலகத்துக்கும் வருகிறது. நோயை ஒளித்து ஓட்டுபவர்கள் ஏராளம் என்று நரம்பியல் மருத்துவர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருவதில் வியப்பில்லை. இந்த முழுத் தடையால் பாதுகாப்பு கூடவில்லை. யார் எத்தனை நாள் வலிப்பின்றி இருக்கிறார், யார் மருந்தை விட்டுவிட்டார் என்று கேட்டறியும் வாய்ப்புதான் அரசின் கையிலிருந்து நழுவியிருக்கிறது.

இந்தப் படிவத்தைத் திருத்த முடியாது என்பதும் இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு உரிமமே இல்லை என்றிருந்த நிலை 2020 ஜூனில் மாறியது. மருத்துவர்களின் கருத்தைக் கேட்டு, லேசான, நடுத்தர நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு உரிமம் வழங்கலாம், கடும் குறைபாட்டுக்கு மட்டும் மறுக்கலாம் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் படிவங்களைத் திருத்தியது. கண்ணின் குறையில் அளவுகள் உண்டு என்பதை ஏற்ற அதே படிவத்தில், ஒரு மாத்திரையுடன் எட்டு ஆண்டுகளாக வலிப்பே வராத தச்சரும் சென்ற வாரம் வலிப்பு வந்த லாரி ஓட்டுநரும் இன்றும் ஒரே கட்டத்தில் ஒரே விடையை எழுத வேண்டியிருக்கிறது. கடைசியாக வலிப்பு வந்த தேதியை எழுத அங்கே இடம் விடப்படவில்லை.